ஊஞ்சல் இல்லாத ஊஞ்சல் கால்கள்

பாங்காக்கில் வேலை பார்த்த காலத்தில் ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அரண்மனை, அடுத்தது வாட் போ கோயில். 46 மீட்டர் நீளத்துக்குப் பள்ளிகொண்ட புத்தரைக் கும்பிட்டுவிட்டு, அவர் முதுகுப்பக்கம் வரிசையாக இருக்கும் 108 வெண்கலக் கிண்ணங்களில் காசு போட்டுக்கொண்டே நடப்போம். அந்தக் கலகல ஓசை மண்டபம் முழுக்க நிறைந்திருக்கும். பிறகு படகேறினால் அக்கரையில் வாட் அருண்.

என் மனம் தங்கியது வேறிடத்தில். பம்ருங் முவாங் சாலையின் இருபக்கமும் புத்தர் சிலை விற்கும் கடைகள். பிளாஸ்டிக் தாள் சுற்றிய பொன்னிறப் புத்தர்கள் நடைபாதையில் வண்டிக்குக் காத்திருப்பார்கள். அந்தச் சாலையில், வாட் சுதாட் கோயிலுக்கு எதிரே நிற்கிறது சாவ் சிங் சா. வானத்தை நோக்கி எழும் சிவப்புத் தேக்குக் கால்கள். நடுவே ஊஞ்சல் மட்டும் கிடையாது.

பாங்காக் 1782இல் தலைநகரானது. இரண்டே ஆண்டில் முதலாம் ராமா மன்னர் இந்த ஊஞ்சல் கால்களை நட்டார். 1920இல் இப்போதுள்ள இடத்துக்கு மாற்றினார்கள். மார்கழியை ஒட்டி சிவபெருமான் பூமிக்கு இறங்கி வருகிறார் என்பது ஐதீகம். அவரை வரவேற்க, உயர உயர ஆடி, எதிரே கழியில் தொங்கும் காசு முடிப்பைப் பல்லால் கவ்வுவார்களாம். எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! 1930களில் அந்த ஆட்டம் நின்றுபோனது.

சிவனை வரவேற்கும் விழாவின் பாட்டு நிற்கவில்லை. பக்கத்திலேயே தேவஸ்தானம் என்ற கோயில்; அதில் சிவன், பிள்ளையார், நாராயணன் மூவருக்கும் தனித்தனிச் சன்னிதி. வெள்ளை உடுத்திக் குடுமி முடிந்த அர்ச்சகர்கள், தென்னிந்தியாவிலிருந்து வந்த வேதியர் வழியினர் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள், அந்த விழாவில் ஓதுவது திருவெம்பாவை. ஒரு மார்கழி இரவில் வாசலோரம் நின்று கேட்டேன். பண் வேறு, உச்சரிப்பு வேறு. தமிழ் என்று தெரிந்து கேட்டும் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. ஆனாலும் கண் கலங்கியது. பொருள் அறியாமலே தலைமுறை தலைமுறையாக ஒரு பாட்டைக் காப்பாற்றுவதற்கு எவ்வளவு பக்தி வேண்டும்!

நான் பார்த்த மரம் இப்போது அங்கே இல்லை. பின்னாளில், பிரே மாகாணத்துத் தேக்கு ஆறு கொண்டு புதிதாக நிறுத்தினார்கள். பழைய மரம் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. நம் ஓதுவார் ஒருவர் அந்த அர்ச்சகர்களோடு உட்கார்ந்து, அவர்கள் முறையில் ஒன்றும் நம் பண்ணில் ஒன்றுமாகத் திருவெம்பாவை பாட, அருகிருந்து கேட்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.