இரண்டு குடம் காற்று

குழாயடியில் குடம் பிடித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். காலிக் குடத்தில் தண்ணீர் விழும்போது 'கும்' என்று கனத்த சத்தம் கேட்கும். நிறைய நிறைய அந்தச் சத்தம் மேல் ஸ்தாயிக்கு ஏறிக்கொண்டே போகும். அடுத்த வீட்டு அம்மாளிடம் எவ்வளவு சுவாரஸ்யமான வம்பு பேசிக்கொண்டிருந்தாலும் காது மட்டும் குடத்திலேயே இருக்கும். வழிவதற்கு ஒரு விநாடி முன்னால் கை தானாகக் குழாயை மூடிவிடும். குடத்துக்குள் காற்று குறையக் குறைய ஸ்வரம் ஏறுகிறது என்பதுதான் இதிலுள்ள ரகசியம்.

கரந்தையில் நாற்பது வருஷமாகக் குடம் பிடிக்கிற நான், என் பிள்ளையின் கார் விஷயத்தில் இதை மறந்து கோட்டை விட்டேன். அந்தக் கதையைக் கேளுங்கள்.

என் மாமனாருக்கு வயது 82. தவில் என்றால் உயிர். சிறு வயதில் நாச்சியார்கோவில் ராகவப் பிள்ளையின் தவிலைத் திருவிழாவில் விடிய விடியக் கேட்டதை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார். இப்போது காது மந்தம். வயதானவர்களுக்குக் கீச்சுச் சத்தங்கள்தான் முதலில் போகும். கனத்த சத்தங்கள் ஓரளவு நிற்கும். அதனால் நாகஸ்வரம் மங்கிப் போனாலும், தவிலில் குச்சியால் அடிக்கிற தொப்பிப் பக்கம் மட்டும் அவருக்கு எட்டும்.

"அந்தத் தொப்பியை மட்டும் எனக்கு நல்லா கேக்க வைடா" என்று பேரனிடம் ஒரு நாள் சொன்னார்.

பேரன் சும்மா இருப்பானா? காரில் வைக்க 12 அங்குல 'சப்வூஃப'ரை வாங்கி வந்துவிட்டான். கனத்த நாதத்துக்கென்றே செய்த ஒலிபெருக்கி அது. பெட்டி இல்லாமல் மேஜைமேல் வைத்துப் போட்டான். சவலைப் பிள்ளை முனகுகிற மாதிரி இருந்தது.

"இதற்கா இத்தனை ரூபாய்?" என்றேன்.

"அம்மா, இந்தக் குடை மாதிரி இருக்கே, இது முன்னால காத்தைத் தள்ளுறப்போ பின்னால இழுக்குது. ரெண்டும் சுத்தி வந்து ஒண்ணை ஒண்ணு தின்னுடுது. பின்பக்கக் காத்தைப் பெட்டியில அடைச்சாத்தான் சத்தம் வரும். 1 கன அடி, அதாவது 28 லிட்டர் இடம் வேணும்."

ஏறக்குறைய இரண்டு பிளாஸ்டிக் குடம். எனக்குப் பகீரென்றது. திருவையாற்றுக்கு அப்பாலுள்ள எங்கள் கிராமத்து அரிசி மூட்டை வருவது அந்த டிக்கியில்தானே? "பாதி அளவில் பண்ணு, போதும்" என்று உத்தரவு போட்டேன். மறு பேச்சுப் பேசாமல், பாதி அளவில் அவனே பலகை அறுத்து ஒட்டினான்.

காரில் மாமனாரை உட்கார வைத்துத் தவிலைப் போட்டோம். எந்த அடி விழுந்தாலும் ஒரே 'தொம்'! நடுநடுவே 'புஸ் புஸ்' என்று பாம்புச் சத்தம் வேறு. மாமனார் சற்று நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"போதும், நிறுத்துடா. மிஷின் நல்லாத்தான் இருக்கும். எனக்குத்தான் காது முழுக்கப் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் குழாயடியில் குடம் நிறைந்துகொண்டிருந்தபோதுதான் புத்தியில் உறைத்தது. பெட்டியிலும் காற்றைப் பாதியாகக் குறைத்தது நான்தானே!

பிள்ளையிடம் ஓடினேன். அவனுக்கு அது முன்பே தெரியும். எனக்காகத்தான் வாய் திறக்காமல் இருந்திருக்கிறான். மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங்காம். 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் என்பவர் அந்த ஸ்பிரிங்கை நம்பியே ஒலிபெருக்கி செய்து காட்டினாராம். பெட்டி சிறுத்தால் ஸ்பிரிங் விறைத்துவிடும். ஆழ்ந்த நாதம் மெலிந்து, அதற்கு மேலே ஏதோ ஒரு ஸ்வரம் மட்டும் வீங்கிக்கொண்டு 'தொம் தொம்' என்று முன்னால் வந்து நிற்கும். பெட்டியை வேண்டிய அளவுக்கு மேல் பெரிதாக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து, சத்தத்தைக் கூட்டும்போது குடை எல்லை மீறி ஆடும். இதற்கெல்லாம் 1972-ல் ரிச்சர்ட் ஸ்மால் என்பவர் சுத்தமாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறாராம். நமக்கு எதற்குக் கணக்கு? குடம் போதும்.

'புஸ்' சத்தத்தைக் கண்டுபிடித்தது மட்டும் நான். ஒரு கோடையில் என் வீணையின் பலகை குடத்தோடு சேருமிடத்தில் ஒட்டு விட்டு, தந்தியை மீட்டினாலே 'ஜிர்' என்றது நினைவுக்கு வந்தது. சாட்டை நிறுத்தி மெதுவாகத் தவிலைப் போடச் சொல்லி, ஊதுவத்தியைப் பெட்டியின் மூட்டுக்களோரம் காட்டிக்கொண்டே போனேன். பின் மூலையில் புகை வெடுக்வெடுக்கென்று துள்ளியது! 'காஸ்கெட்' தேய்ந்த குக்கர் மாதிரி, காற்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஸ்பிரிங் எங்கே நிற்கும்?

"வீணை மாதிரியே மெல்லிசுப் பலகை போட்டால் நாதம் கூடுமே" என்று என் மேதாவித்தனத்தையும் காட்டினேன். பிள்ளை சிரித்தான். வீணையில் தந்தி தனியாகப் பேசினால் யாருக்குக் கேட்கும்? பலகை கூட அதிர்ந்தாக வேண்டும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் தஞ்சாவூர் வீணையின் பலாமரக் குடம் அதற்காகக் குடைந்ததுதான். காரில் பேச வேண்டியது குடை மட்டும். பெட்டிப் பலகை வாயே திறக்கக் கூடாது. ஆகவே முக்கால் அங்குலக் கனத்தில், முழு 28 லிட்டருக்குப் புதுப் பெட்டி செய்தான். மூட்டுக்களில் பசை, அதன்மேல் 'சிலிக்கான்', ஒலிபெருக்கியின் வளையத்தைச் சுற்றி நுரைப்பட்டை.

மாமனாரைக் காரில் ஏற்றுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. "எனக்கெதுக்கும்மா?" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கிராமத்துக்கு என்று சொல்லித்தான் கூட்டிப் போனோம். வெண்ணாற்றுப் பாலம் தாண்டியதும் பிள்ளை பேசாமல் தவிலைப் போட்டான். குடமுருட்டி வருகிற வரையில் மாமனார் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பார்த்தால், அவர் விரல் கார்க் கதவில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. காவேரிப் பாலத்தில் என் பக்கம் திரும்பி, "தொப்பி பேசுதும்மா!" என்றார்.

திரும்பி வரும்போது டிக்கியில் இடமில்லை. 25 கிலோ அரிசி மூட்டை என் காலடியில் இருந்தது. கரந்தை வருவதற்குள் இரண்டு காலும் மரத்துப் போய்விட்டன.