பூஞ்சணம்

கோவாவில் ஜூன் பிறந்தால் கடலுக்கு லீவு. தென்மேற்குப் பருவமழை ஓயும்வரை வாட்டர் ஸ்போர்ட்ஸ் எல்லாம் நிறுத்தம். வாட்டர் ஸ்கூட்டர்களைக் கரையேற்றி, ஷெட்டில் தள்ளி, தார்ப்பாய் போர்த்திக் கட்டிவிடுவார்கள். மழை முடிந்து பிரித்துப் பார்த்தால் எஞ்சின் பெரும்பாலும் சமர்த்தாக இருக்கும். சீட்தான் சகிக்காது. கறுப்புப் பொட்டு, பச்சைத் திட்டு, அங்கங்கே ரோஸ் கறை, கிட்டே போனால் காயாத துணியின் வாடை.

கலங்குட் பக்கம் இரண்டு வண்டி வைத்து வாடகைக்கு விடும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். "எஞ்சினை யாரு சார் பாக்கா? சீட்டு அழுக்கா இருந்தா பார்ட்டி பக்கத்து ஆள்கிட்ட போயிருவான்" என்பார். நான்கு மாதம் வருமானம் இல்லாதவருக்கு சீசனின் முதல் வாரம் என்பது பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ்.

ஒரு அக்டோபரில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். வேலைக்கு இருந்த பையன் ஷெட்டுக்கு வெளியே மணலில் உட்கார்ந்து குடலே வெளியே வருகிற மாதிரி இருமிக்கொண்டிருந்தான். கண்ணில் தாரை தாரையாக நீர். சீட்டில் ப்ளீச் ஊற்றித் தேய்த்திருக்கிறான், கறை போகவில்லை. டாய்லெட் கழுவும் ஆசிடையும் அதே பக்கெட்டில் ஊற்றிவிட்டான். "ரெண்டும் சேந்தா பவர் ஜாஸ்தியா இருக்கும்னு நெனச்சேண்ணே."

பவர் ஜாஸ்திதான். ப்ளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அதில் ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரல் 22-ம் தேதி பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே ஜெர்மன் ராணுவம் எதிரிகளின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டதும் அதே வாயுதான். கதவு பக்கத்திலேயே இருந்ததால் பையன் பிழைத்தான். டாக்டரிடம் கூட்டிப்போனோம். சாயங்காலத்துக்குள் மூச்சு சீரானது.

இத்தனைக்கும் காரணம், எதிரி யார் என்று தெரியாமல் சண்டைக்குப் போனது.

ரெக்ஸின் என்று நாம் பொதுவாகச் சொல்லும் இந்த சீட் உறை, பிவிசி என்கிற வினைல். பிவிசி இயல்பில் விறைப்பானது. உங்கள் மொட்டை மாடித் தண்ணீர் பைப்பை வளைத்துப் பாருங்கள், தெரியும். 1926-ல் அமெரிக்காவின் குட்ரிச் கம்பெனியில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர், ரப்பரை உலோகத்தோடு ஒட்ட ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். பிவிசியை ஒரு திரவத்தில் போட்டுக் காய்ச்ச, பசைக்குப் பதில் ரப்பர் மாதிரி வளையும் ஒரு வஸ்து கிடைத்தது. இப்படிச் சேர்க்கும் எண்ணெய்த்தனமான பொருளுக்கு ப்ளாஸ்டிசைஸர் என்று பெயர். சீட்டுக்கு மெத்தென்ற தன்மை தருவது அதுதான்.

பூஞ்சணத்துக்கும் அதுதான் சாப்பாடு. தொட்டுக்கொள்ள, நம் வியர்வை, சன் க்ரீம், தூசு. ஈரமும் காற்றில்லாத இருட்டும் கிடைத்துவிட்டால் தார்ப்பாய்க்கு அடியில் கல்யாணச் சாப்பாடு.

இதில் கவனிக்க வேண்டியது, ஆத்திரத்தில் நாம் எடுக்கும் தின்னரும் அசிட்டோனும் அதே ப்ளாஸ்டிசைஸரைத்தான் உருவுகின்றன. அதாவது பூஞ்சணம் நிதானமாகச் செய்கிற வேலையை நாம் பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுக்கிறோம். சீட் அன்று பளபளக்கும். பிறகு விறைத்து, தையல் ஓரமாக வெடிக்கும். வெடிப்பில் தண்ணீர் இறங்கும். உள்ளே ஃபோம் ஊறும். அடுத்த பூஞ்சணம் அங்கே.

சரியான வழி அலுப்பூட்டும் அளவுக்கு எளிமை. சீட்டைக் கழற்றி வெளியே கொண்டுவாருங்கள். மூக்கில் மாஸ்க், கையில் க்ளவுஸ். முதலில் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். உலர்வாகத் தட்டினால் வித்துகள் உங்கள் நுரையீரலுக்குக் குடிவரும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் லிக்விட், மெத்தென்ற பிரஷ். தையல் இடுக்குகளுக்குப் பழைய டூத் பிரஷ். கழுவித் துடையுங்கள். முக்கால்வாசி இதிலேயே போய்விடும்.

மிச்சத்துக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து தடவி, கால் மணி கழித்துக் கழுவலாம். அதற்கும் மசியாவிட்டால் கடைசி ஆயுதமாக ப்ளீச்: ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், சில நிமிஷம், உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசல். ஓரமாக ஒரு மூலையில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்; அடிக்கடி செய்தால் தையல் நூல் பலமிழக்கும். வினிகரும் ஆசிட்தான். அது துளி மிச்சமிருந்தாலும் ப்ளீச் பாட்டிலைத் திறக்கக்கூடாது. இரண்டையும் ஒரே நாளில் எடுக்காமலிருப்பது உத்தமம்.

ரோஸ் கறை மட்டும் அடம் பிடிக்கும். அது மேலே இருப்பதல்ல. உறைக்கு அடியில் வளரும் நுண்ணுயிர்கள் விடும் சாயம், ப்ளாஸ்டிசைஸரில் கரைந்து மேலே ஏறி வருகிறது. மேலிருந்து எத்தனை தேய்த்தாலும் அசையாது. கவரைப் பிரித்து, ஃபோமைக் காயவைத்து, புதுக் கவர் போடலாம். முடியாதென்றால் கறையோடு வாழலாம். கறுப்புப் பொட்டுகளும் சில சமயம் அப்படித்தான். பூஞ்சணம் செத்திருக்கும், தடம் இருக்கும். செத்ததை மறுபடி கொல்லப் போகும்போதுதான் சீட் பாழாகிறது.

திருநெல்வேலிக்காரர் இப்போது ஜூனில் சீட்டுகளைக் கழற்றி, கழுவி, நிழலில் காயவைத்து, வீட்டுக்குள்ளேயே சாய்த்து வைத்துவிடுகிறார். வண்டிக்குத் தார்ப்பாயை இறுக்கிக் கட்டாமல் காற்றுப் போக இடம் விடுகிறார். பாதி வேலை மிச்சம் என்கிறார்.

வாட்டர் ஸ்கூட்டரை நீங்கள் படத்தில் மட்டும் பார்த்திருக்கலாம். ஐப்பசி மழையில் நனைகிற உங்கள் டூவீலர் சீட்டும் அதே வினைல்தான். மேற்சொன்ன வைத்தியம் அதற்கும் பொருந்தும். ஆனால் சீட்டைவிட முக்கியம் உங்கள் பாத்ரூம். ஜன்னல் சின்னது, கதவைச் சாத்திக்கொண்டுதான் கழுவுவோம். ஒரே அலமாரியில் ப்ளீச்சிங் பவுடரும் ஆசிடும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. இன்றைக்கே பிரித்து வையுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் ஏன் என்றும் சொல்லுங்கள். பக்கெட்டைத் தொடுவது பெரும்பாலும் அவர்தானே.