தோட்டம் என்றொரு சொல்



அக்டோபர் மாத இறுதியில் என் பால்யத் தோழி, தம் கணவருடனும் பத்து வயது மகளுடனும் லண்டனிலிருந்து வந்திருந்தார். நாங்கள் இருவரும் சிலாங்கூரில் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, ஒரே தோட்டப் பள்ளியில் பயின்றவர்கள். அங்கே அப்போது இலையுதிர்காலப் பள்ளி விடுமுறை. "எங்கள் ஊரில் மரமெல்லாம் செம்மஞ்சளாக இருக்கும். இங்கே ஏன் எல்லாம் பச்சையாகவே இருக்கிறது, பெரியம்மா?" என்று வந்த அன்றே கேட்டாள் சிறுமி.

சனிக்கிழமை காலை, மாலை மழைக்கு முந்திக்கொண்டு, கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகத்தின் காட்டுக்கு அழைத்துச் சென்றேன். ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட நிலத்தில் 1920களில் மனிதர்கள் நட்டு வளர்த்த காடு அது. 2025இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. வானளாவிய காப்பூர் மரங்களின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தோம். ஒரு மரத்தின் கிளைநுனி அடுத்த மரத்தைத் தொடாமல் விலகி நிற்க, இடையில் வெளிச்சம் ஆறுபோல் நெளிந்து ஓடியது. "மலாய் மொழியில் காப்பூர் என்றால் நம் கற்பூரம்தான்" என்று சொன்னதும், சிறுமி ஒரு சருகை எடுத்து முகர்ந்து பார்த்தாள். எனக்கும் ஆசிரியர் என்ற பெருமை சற்றே தலைதூக்கியது.

மறுநாள் நாங்கள் பிறந்த தோட்டத்திற்குச் சென்றோம். இன்று அது வீடமைப்புப் பகுதி. பழைய மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் மட்டும் ஐந்தாறு ரப்பர் மரங்கள் எஞ்சி நின்றன. சிறுமி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பாட்டி தோட்டத்தில் வேலை செய்தார் என்று அம்மா சொன்னார்களே, பூச்செடிகள் எங்கே?"

என் தோழி தலையைக் குனிந்துகொண்டார். பாட்டி பால்மரம் வெட்டியவர் என்பதை அவர் மகளிடம் சொன்னதே இல்லை. தோட்டம் என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் அதனை மறைத்து வைத்திருந்தார்.

நான் மரத்தின் பட்டையில் இருந்த பழைய வெட்டுத் தழும்புகளைத் தொட்டுக் காட்டினேன். பிரேசில் நாட்டு விதைகள் 1876இல் லண்டன் கியூ தோட்டத்தை அடைந்ததையும், அங்கு முளைத்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்ததையும், பின்னர் அம்மரங்களில் பால் எடுக்க நம் முன்னோர் கப்பலேறியதையும் கூறினேன். "கியூவா? பள்ளியிலிருந்து போயிருக்கிறேனே!" என்று வியந்தாள் அவள்.

அப்போதுதான் தோழி வாய் திறந்தார். "இந்த மரத்துக்கும் இலையுதிர்காலம் உண்டம்மா. ஆண்டுத் தொடக்கத்தில் இலையெல்லாம் சிவந்து கொட்டும். பால் குறையும். பாட்டியின் சம்பளமும் குறையும். மளிகைக் கடைக் கணக்கு ஏறும். நாங்கள் சருகில் புரண்டு விளையாடுவோம். பாட்டி மரத்தை அண்ணாந்து பார்த்தபடியே இருப்பார், எப்போது துளிர்க்கும் என்று."

சிறுமி ஒன்றும் பேசவில்லை. கீழே கிடந்த ரப்பர் கொட்டை ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். அதைத் தரையில் தேய்த்துச் சூடேற்றி, பக்கத்தில் இருப்பவர் கையில் வைத்து அலற விடும் எங்கள் விளையாட்டை அம்மாவே கற்றுக்கொடுத்தார்.

வீடு திரும்பும் வழியில் என் மனம்தான் உறுத்தியது. 'நான் ஒரு ரப்பர் மரம்' என்று ஆண்டுதோறும் தன்கதைக் கட்டுரை எழுத வைக்கிறேன். பிழை திருத்துகிறேன், மதிப்பெண் இடுகிறேன். என் மாணவர்களில் எத்தனை பேர் அம்மரத்தைத் தொட்டிருப்பார்கள்? அவர்களின் பாட்டிமார் விடியலில் தலைவிளக்குடன் நிரைக்குச் சென்றதை யார் அவர்களுக்குச் சொன்னார்கள்? தோழியைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. அவர் ஒரு பிள்ளையிடம் சொல்லாததை நான் எத்தனையோ பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

வரும் பிப்ரவரியில் என் வகுப்பை அந்தக் கோயிலடிக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். பெற்றோர்களே, தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் உடன் அனுப்பி வையுங்கள். அன்று பாடம் நடத்தப்போவது நான் அல்லள், அவர்கள்தாம்.