படத்தின் பின்புறம்

புகைப்படம் பேசும் என்பர் பலர். என் அனுபவம் அவ்வாறன்று. படம் காட்டும், ஆனால் பேசமாட்டாது. பேசுவதற்குப் பக்கத்தில் ஒருவர் இருத்தல் வேண்டும். அவர் மறைந்துவிட்டால் எத்துணை அழகிய படமும் ஊமையாகிவிடும். இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியவை எங்கள் வீட்டுப் பழைய பிஸ்கற் பெட்டியிலுள்ள இரண்டு படங்களே.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது நாங்களும் நடந்தோம். அம்மா நகைகளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, அந்தத் தகரப் பெட்டியை என் கையிலே தந்தார். மழையில் நனையாதபடி அதனை மார்போடு அணைத்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தேன்.

முதலாவது படம், நுவரெலியா விக்டோரியா பூங்காவில் எடுக்கப்பட்டது. மலைநாட்டின் வசந்தகாலமாகிய சித்திரை மாதம். டேலியா மலர்கள் பூத்துக் குலுங்கும் பாத்தியருகே, இரவல் கம்பளிச் சட்டை அணிந்து அம்மா சிரித்தபடி நிற்கிறார். ஐயா அக்காலத்தில் மலைநாட்டுப் பாடசாலையொன்றில் ஆசிரியர். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த அம்மாவுக்கோ அந்தக் குளிர் பெருந்துன்பம். படத்தின் பின்புறத்தில் ஐயா தம் கைப்பட எழுதியிருக்கிறார்: “1966 சித்திரை. குளிர் என்று அழுதவள் பூவைக் கண்டு சிரித்தாள்.”

ஐயா காலமான பின்னர் அம்மாவின் கண்பார்வை மங்கியது. அப்போதும் அவர் அந்தப் படத்தைக் கேட்பதுண்டு, பார்ப்பதற்கன்று. “பின்பக்கத்தை ஒருக்கால் வாசி, பிள்ளை” என்பார். வாசிப்பேன். படத்திலே கண்ட அதே சிரிப்பு அம்முதிய முகத்தில் மீண்டும் மலரும்.

இரண்டாவது படம், அறுவடை முடிந்த வயலில் நிற்கும் ஓர் உதைபந்தாட்டக் குழு. பதினொரு இளைஞர்; ஒருவர் காலிலாவது சப்பாத்து இல்லை. இடப்புற ஓரத்தில் முழங்காலிற் சேற்றுடன் நிற்பவர் என் அண்ணர்; அவரே கோல் காப்பாளர். நடுவில், பந்தை இரு கைகளாலும் ஏந்தி ஒருவர் நாணத்துடன் நிற்கிறார். பின்புறம் வெறுமையாகவே இருக்கிறது.

சென்ற ஆண்டு அண்ணரிடம் அப்படத்தைக் காட்டினேன். ஒவ்வொரு முகமாய் விரல் வைத்து ஒன்பது பெயர்களைச் சொன்னார். இருவர் போரிலே மாண்டனர். நால்வர் கடல் கடந்தனர். பந்தேந்தியவரிடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

“எங்கள் ஆள் ஒருவனுக்குக் காய்ச்சல். அயலூரிலிருந்து சைக்கிளில் வந்து எங்களுக்காக விளையாடினவன். இடது காலால் ஒரே ஒரு கோல் அடித்தான், அதாலேதான் வென்றோம். படம் பிடிக்கும்போது பந்தை அவன் கையிலேயே கொடுத்தோம்...” அண்ணர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். “பெயரைத்தான் கைவிட்டிட்டம்” என்றார்.

இது எங்கள் வீட்டுக் குறை மட்டுமன்று. நாற்பத்தெட்டாம் வயதிற் புகைப்படக் கலையைத் தொடங்கி உலகப் புகழ் பெற்ற ஜூலியா மாகரெற் கமரன் என்னும் அம்மையார், 1875ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் படம் பிடித்த டார்வினையும் டெனிசனையும் உலகம் பெயர் சொல்லி அறியும். ஆனால் இங்கே அவருடைய கமராவின் முன் நின்ற தோட்டத் தொழிலாளர், ஊர் மக்கள் ஆகியோருட் பெரும்பாலோரின் பெயர்கள் இன்று இல்லை. முகங்கள் மாத்திரமே எஞ்சியுள்ளன.

ஆதலின் வாசக நேயர்களே, இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டுப் பெரியவர்களை அருகழைத்துப் பழைய படங்களை எடுத்து வையுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பின்புறத்தில் எழுதுங்கள். யார், எங்கே, எந்த ஆண்டு. அன்று நடந்தது யாது. நான்கு வரி போதும்.

அண்ணரும் நானும் எங்கள் படத்தில் ஒன்பது பெயர்களையும் அவர் பெயரையும் எழுதிவிட்டோம். கடைசி வரியில் “கோல் அடித்தவர்” என்று மட்டும் எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறோம்.