செவலைக் கோழியும் ஒரு கைப்பிடிச் சர்க்கரையும்

"கொஞ்சம் பொறுங்க கண்ணு, செவலைக்கு அடி தள்ளிருச்சு."

நாமக்கல்லை அடுத்த ஒரு சிற்றூரில் புழக்கடைக் கோழி வளர்ப்பைப் பார்க்கப் போன என்னை, அந்த அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினார். அங்கே 14 கோழிகள். பத்து நாட்டுக்கோழி, மீதி நான்கும் பண்ணையிலிருந்து வாங்கிய செவலை முட்டைக்கோழிகள். அவற்றில் ஒன்று வேலியோரம் இறகை உப்பிக்கொண்டு நின்றது. வாலுக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்குச் சிவந்த சதை, ஈரமாக மினுங்கியது. இன்னொரு கோழி அதையே பார்த்தபடி நெருங்கி வந்தது. அதற்குள் அம்மா செவலையைத் தூக்கிவிட்டார்.

அந்த ஓட்டத்தில்தான் கோழி பிழைத்தது. சிவந்த சதை கண்ணில் பட்டால் மற்ற கோழிகள் கொத்தாமல் இருக்காது. ரத்தம் கசிந்துவிட்டால் கூட்டமே சேர்ந்து குடலை உருவி இழுத்துவிடும்.

முட்டையிடும்போது எந்தக் கோழிக்கும் கருக்குழாயின் கடைசிப் பகுதி சற்றே வெளியே பிதுங்கும். எச்சம் படாமல் முட்டையை விட்டுவிட்டு உடனே உள்ளே போய்விடும். போகாமல் வெளியிலேயே நின்றுவிட்டால் அதுதான் அடி தள்ளுவது. உடம்பு தேறும் முன்பே முட்டைக்கு வந்த வெடைக்கோழி, இரட்டைக் கரு முட்டை, வயிற்றில் சேர்ந்த கொழுப்பு என்று காரணங்கள் பல. இங்கே அம்மா சந்தேகப்பட்டது தீனியை. ஒரு முட்டை ஓட்டில் மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. அது குறைந்தால் ஓடு மெலிவதோடு முட்டையைத் தள்ளும் தசையும் தளர்ந்துபோகும். நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 80 முட்டை இட்டு, நடுவே அடைக்கும் உட்கார்ந்து எழும். பண்ணை இனமோ 300 வரை இடக்கூடியது. இரண்டுக்கும் ஒரே குருணையைப் போட்டு வந்திருக்கிறார்.

செவலையைத் துண்டால் இறக்கையோடு சேர்த்துச் சுற்றி, தலையைக் கக்கத்துக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு மண்ணையும் எச்சத்தையும் கழுவினார், துளியும் தேய்க்கவில்லை. "உள்ள முட்டை ஏதாச்சும் சிக்கியிருக்கான்னு மொதல்ல பாக்கோணுங்க." இல்லை. ஒரு கைப்பிடிச் சர்க்கரையைத் தண்ணீர் தெளித்துக் குழைத்துச் சதைமேல் அப்பினார். வீக்கத்தில் தேங்கிய நீரைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும். கால்நடை மருத்துவர்களும் கையாளும் முறைதான் இது. பத்து நிமிஷத்தில் நெல்லிக்காய் சுண்டைக்காயானது.

மறுபடி கழுவி, கையுறை விரலில் தேங்காயெண்ணெய் தொட்டு மெல்ல உள்ளே தள்ளினார். கோழி முக்கியது, சதை திரும்ப வந்தது. "முக்குறப்ப தள்ளக் கூடாதுங்க, கிழிஞ்சிரும்." முக்கல் அடங்கும்வரை விரலை அசைக்காமல் வைத்திருந்து, அடங்கியதும் தள்ளினார். மூன்றாவது தடவை நின்றது. வெயிலில் நின்று பார்த்த எனக்கு வியர்த்தது. அவர் கை நடுங்கவில்லை.

பிறகு செவலை பஞ்சாரத்துக்குள் போனது. காற்றுக்கு இடம் விட்டு மேலே கோணிச் சாக்கு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வெளிச்சம்தான். வெளிச்சம் குறைந்தால் முட்டை நிற்கும். புண் ஆறுவதற்குள் அடுத்த முட்டை வந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

ஒன்பதாம் நாள் மறுபடி போனேன். செவலை தனி வலைக்குள் தீனி பொறுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கிளிஞ்சல் தூள். தேறிவிட்டதா என்று கேட்டால் அம்மா உறுதியாகச் சொல்லவில்லை. ஒரு தடவை தள்ளிய கோழிக்கு மறுபடியும் தள்ளுவது சகஜம். அடுத்த முட்டை இட்ட பிறகுதான் தெரியும் என்றார்.

சதை கறுத்திருந்தாலும் கிழிந்திருந்தாலும் கைவைத்தியம் வேண்டாம்; கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். கோழி வைத்திருப்பவர்கள் காலையில் கூண்டைத் திறக்கும்போது, ஒவ்வொன்றின் வாலுக்குக் கீழேயும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.