கோயிலா, நாயா?

ஞாயிறு மாலை நாலரை ஆனால் தென்சென்னையில் ஒரு மாநகராட்சித் திடலின் கிழக்கு மூலை எங்களுக்கு. கிரிக்கெட் ஆடும் பையன்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு என்று சான்றிதழில் வேறுவேறு பெயர் எழுதப்பட்ட 18 பேர் வருவார்கள். சின்னவளுக்கு 14, பெரியவருக்கு 41. பலூன் தட்டுவோம், மியூசிக்கல் சேர் வைப்போம், போச்சே உருட்டுவோம். போச்சே இத்தாலிக்காரர்களின் விளையாட்டு. ஒரு சின்னப் பந்துக்குப் பக்கத்தில் யாருடைய பந்து போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. பெயரைக் கேட்டதும் அம்மாக்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஆரம்பிக்கும்போதே போச்சேன்னா எப்படி சார்?"

அந்த அம்மாக்கள் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்க் டீயைப் பங்கு போட்டுக் குடிப்பார்கள். வாரத்தில் அவர்களுக்கென்று கிடைப்பது அந்த ஒரு மணி நேரம்தான். சிறப்புப் பள்ளி 18 வயதோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் பிள்ளைக்கு வீடு, டிவி, மறுபடியும் வீடு.

திடலுக்கு அனுமதி வாங்கியவன் நான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகப் படி ஏறி இறங்கினேன். 29ஆவது பிரிவு பண்பாடும் பொழுதுபோக்கும், 30ஆவது பிரிவு விளையாட்டு. இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. எப்படிப்பட்ட ஆள் இனி சொல்லப்போவதைச் செய்தான் என்பது தெரிந்திருக்கட்டும்.

அந்த 18 பேரில் ஒருவன். எங்களிடம் வந்தபோது அவனுக்கு 23 வயது. 'பையன்' என்றுதான் எல்லோரும் சொல்வோம், நானும்தான். மீசையுள்ள ஆணை அவன் இவன் என்று எழுதுவதும் அதே பழக்கம்தான், விடமுடியவில்லை. ஓட்டம் என்றால் அவனுடையதுதான் ஓட்டம். கைகளை அகல விரித்து, வாயைப் பிளந்து, என்னவோ கத்திக்கொண்டு ஓடுவான். கோட்டைத் தாண்டியும் நிற்கமாட்டான். நேரே கேட் வரை போய் வாட்ச்மேனைக் கட்டிப்பிடித்துவிட்டுத்தான் திரும்புவான். 100 மீட்டர் 19.3 வினாடி. நான்தான் ஸ்டாப் வாட்ச்சை வைத்துக்கொண்டு எழுதி வைத்தேன். அதற்கு முன் யாரும் அவன் ஓட்டத்தை அளந்ததில்லை.

சுண்டலுக்கும் பந்துக்கும் தண்ணீர் கேனுக்கும் பணம் தந்துவந்த ஒரு பெரியவர் ஒருநாள், "நம்ம பசங்க மெடல் கிடல் ஏதாச்சும் வாங்கியிருக்காங்களா?" என்றார். சும்மா கேட்டதுதான், பழியை அவர் தலையில் கட்ட முடியாது. கல்லூரியில் நானும் ஓடியவன். மாவட்ட அளவில் நான்காவதாக வந்ததோடு நின்றவன். அந்தக் கேள்வி எனக்குள் எந்த இடத்தில் போய் விழுந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்த ஆண்டு ஒரு மாவட்டப் போட்டி வந்தது. அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் முறைப்படி நடந்த போட்டி. அந்த முறையின் அழகே தரம்பிரிப்பதில்தான் இருக்கிறது. முதலில் எல்லோரையும் ஓடவிட்டு நேரம் குறிப்பார்கள். ஆண், பெண், வயது என்று பிரித்து, அதற்குள்ளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடுகிறவர்களை மூன்று முதல் எட்டுப் பேராகச் சேர்த்து இறுதி ஓட்டம் வைப்பார்கள். 17 வினாடிக்காரருக்கும் ஒரு தங்கம் உண்டு, 40 வினாடிக்காரருக்கும் ஒரு தங்கம் உண்டு. முதல் ஓட்டத்தை உண்மையாக ஓடியிருக்கவேண்டும், அவ்வளவுதான். வேண்டுமென்றே மெதுவாக ஓடிக் கீழ்க்குழுவில் புகுந்துகொள்வதைத் தடுக்கத்தான் 15 விழுக்காடு கணக்கு: முதல் நேரத்தைவிட இறுதியில் அதற்கு மேல் வேகம் காட்டினால் தகுதிநீக்கம் செய்யலாம்.

அவன் உண்மையாக ஓடினால் 17, 18 வினாடிக்காரர்களோடு போய்ச் சேர்வான். நான்காவதோ ஐந்தாவதோ வருவான். ரிப்பன் கிடைக்கும். நான்காவது இடம் எனக்குப் பழகிய இடம்.

கால்குலேட்டரை எடுத்தேன். 22.4இல் ஓடினால் அதில் 15 விழுக்காடு 3.36. கழித்தால் 19.04. அவனுடைய 19.3 அந்தக் கோட்டுக்குள் ஒட்டிக்கொண்டு தப்பிவிடும்.

பொய் தெரியாதவனுக்கு மெதுவாக ஓடக் கற்றுக்கொடுப்பது லேசில்லை. "மெதுவா" என்றால் நின்றுவிடுவான். கடைசியில் ஒரு விளையாட்டுக் கட்டினேன். "அம்மாகூட கோயிலுக்குப் போற மாதிரி ஓடு" என்றால் ஒரு வேகம். "நாய் துரத்துற மாதிரி ஓடு" என்றால் இன்னொரு வேகம். மூன்று ஞாயிறு இதே பயிற்சி. மற்ற 17 பேரிடமும் பலூனைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு இதைச் செய்தேன். அவனுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. கோட்டில் நின்று திரும்பிப் பார்த்து, "கோயிலா, நாயா சார்?" என்று கேட்பான். எல்லோரும் சிரிப்போம்.

போட்டியன்று காலையில் கோயில். 22.6. மாலையில் நாய். 19.5. என் கணக்கு தப்பவில்லை. தங்கம்.

இரண்டாவதாக வந்தவன் ஒரு வினாடிக்கு மேல் பின்தங்கியிருந்தான். வந்த வேகத்திலேயே எங்கள் பையனைக் கட்டிப்பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினான். நியாயப்படி அந்தத் தங்கம் அவனுடையது. அவனுடைய பயிற்சியாளர் என்னிடம் வந்து கைகொடுத்து, "காலைல பார்த்ததுக்கு இப்ப நல்லா ஓடினான் சார்" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று அன்றைக்கு இரவெல்லாம் யோசித்தேன். குத்தல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

போட்டோ வந்தது. பெரியவர் அந்த ஆண்டு இரண்டு மடங்கு பணம் தந்தார். நான் 29ஆவது பிரிவைத் தாண்டி 30க்குக் குதித்துவிட்டேன். ஓடக்கூடிய நான்கு பேரைப் பொறுக்கி எடுத்தேன். ஞாயிறு மாலை அவர்களுடையதாகிவிட்டது. போச்சே பந்துகள் பையை விட்டு வெளியே வரவில்லை. 14 வயதுப் பெண்ணின் அம்மா ஒருநாள் பிளாஸ்க்கை மூடிக்கொண்டே, "எங்க பொண்ணுக்கு இங்க வேலை இல்ல போலிருக்கு சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த வாரம் வரவில்லை. நான் போன் செய்யவுமில்லை.

புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு நான் வழக்கமாக ஒரு கதை சொல்வேன். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸைத் தொடங்கிய யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1962இல் மேரிலாந்தில் தன் வீட்டுத் தோட்டத்தில் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்தினார். சிகாகோவில் முதல் போட்டி நடந்தது அதற்கு ஆறு ஆண்டு கழித்து, 1968 ஜூலையில். "முதல்ல ஆட்டம், அப்புறம்தான் மெடல்" என்று முடிப்பேன். தங்கம் வாங்கிய அடுத்த மாதமும் இதே கதையைச் சொன்னேன். குரல் தடுமாறவில்லை.

போட்டி நடத்தியவர்களிடம் நான் இதுவரை உண்மையைச் சொல்லவில்லை. அவனுடைய அம்மாவிடமும் சொல்லவில்லை. பதக்கம் அவர்கள் வீட்டு ஷோகேஸில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. போனால் காபி தருவார்கள். "உங்களாலதான் சார்" என்பார்கள். குடித்துவிட்டு வருவேன்.

இப்போது அவனுக்கு 26. பழைய ஓட்டம் போய்விட்டது. கைகள் விரிவதில்லை. கத்தலும் இல்லை. கோட்டில் நின்றுவிடுகிறான், வாட்ச்மேன் வரை போவதில்லை. பலூன் தட்டச் சொன்னாலும், பந்தை உருட்டச் சொன்னாலும் முதலில் என் முகத்தைப் பார்க்கிறான், எவ்வளவு வேண்டும் என்று. போட்டிகளை நிறுத்தி ஒரு வருடமாகிறது. போச்சே பையைத் திறந்துவிட்டோம். அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் போய்வந்தேன். வேறு எங்கோ நடனம் கற்றுக்கொள்கிறாளாம், வரமாட்டாள்.

போன ஞாயிறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவனைக் கோட்டில் நிற்கவைத்தேன். ஸ்டாப் வாட்ச்சை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். திரும்பிப் பார்த்தான்.

"கோயிலா, நாயா சார்?"

"ரெண்டும் இல்லப்பா. உன் இஷ்டம்."

கோட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தபடி நெடுநேரம் நின்றான்.

"இஷ்டம்னா கோயிலா சார், நாயா?"