நூல்புட்டு நாழி

ஆடிப் பதினெட்டன்று குளித்தலைக்காரன் ஒருவன் காவேரிக் கரையில் இராமல் வேறெங்கோ போய்விடுவது எங்கள் குடும்பத்தில் பெரிய அபசாரம். 2023-ஆம் வருஷம் அந்த அபசாரத்தை நான் செய்தேன். கல்லூரி நாட்களிலிருந்து என்னோடு பழகிவரும் குடகு நண்பர் ஒருவர், "காவேரி பிறக்கும் சீமைக்கே வந்துவிடுமேன், எங்களுக்கும் அன்று விசேஷந்தான்" என்று எழுதியிருந்தார். அவர்களுடைய கக்கட மாதத்தின் 18-ஆம் நாளும் நம் ஆடி 18-ம் அவ்வருஷம் ஆகஸ்டு 3-ஆம் தேதியில் ஒன்றாய் வந்தன.

இங்கே நாம் ஆற்றங்கரையில் சித்திரான்னம் உண்கிறோம். அங்கே அந்த மாதத்து மழை மனிதரை வெளியே விடுவதில்லை, விசேஷமெல்லாம் அடுப்பங்கரையில்தான். 'மத்து தொப்பு' என்று ஒரு செடி. மத்து என்றால் மருந்து. நம் தயிர் கடையும் மத்து அன்று. அதன் தழையை வேகவைத்து இறுத்த நீர் நாவற்பழச் சாறுபோல் இருக்கிறது. அதில் அரிசியும் வெல்லமும் சேர்த்துப் பாயசம் செய்கிறார்கள். அன்றைய தினம் அத்தழையில் 18 வகை மருந்துச் சத்தும் கூடிவிடுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. மறுநாட் காலையில் சிறுநீர் சிவந்திருக்கக் கண்டு நான் வெலவெலத்துப் போனதும், நண்பர் வயிறு குலுங்கச் சிரித்ததும் இங்கே விஸ்தரிக்கத் தக்கவை அல்ல.

நண்பரின் தாயார் 'கூளு' உண்ண அழைத்தபோது கேழ்வரகுக் கூழை எதிர்பார்த்துப் போன எனக்குச் சோறு கிடைத்தது. குடகு மொழியில் கூளு என்றால் சோறு. பழந்தமிழிலும் கூழ் என்பதற்கு உணவென்ற பொருள் உண்டு. வருஷந்தோறும் வகுப்பில் பதவுரை சொல்லிவந்த எனக்கு அது அந்த இலையின் முன்தான் உறைத்தது. நான் சைவனாதலால் பன்றிக் கறிக்குப் பதில் மழைக் காளான் கறி. அதன் புளிப்பு நம் புளியினுடையதன்று, கச்சம்புளியினுடையது. மலையாளத்தார் குடம்புளி என்று உலர்த்தி வைக்கும் பழத்தின் சாற்றை வடியவிட்டு, தார்போல் கறுத்துக் குறுகும்வரை காய்ச்சி எடுப்பது. ஒரு சட்டிக் கறிக்குச் சிறு கரண்டி போதும். வருஷக் கணக்கில் கெடாது.

அடுக்களை மூலையில் கறுத்துக் கனத்த மரச் சாமான் ஒன்று நின்றது. நூல்புட்டு பிழியும் நாழி. குடைந்த குழியின் அடியில் துளையிட்ட பித்தளைத் தட்டு. வெந்த மாவுருண்டையைச் சூடாக அதில் இட்டு, உலக்கை போன்ற கட்டையால் உடம்பின் பாரமெல்லாம் கொடுத்து அழுத்த வேண்டும். உபாத்தியாயர் புத்தி போகுமா? "இது எங்கள் பள்ளிக்கூடப் பொருட்காட்சிக்குக் கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! இப்போது இதை யார் உபயோகிக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

நண்பர் தயங்கித் தயங்கி அதைத் தம் தாயாருக்குச் சொன்னார். அந்த அம்மாள் பதில் பேசாமல் எழுந்து நாழியைக் கழுவினார். மருமகளைக் கூப்பிட்டு மாவை வேகவைக்கச் சொன்னார். பிறகு என்னை அதன் முன் நிறுத்தி, பிழியும்படி சைகை காட்டினார். முதல் உருண்டை இறங்கிற்று. இரண்டாவதில் தோள் நடுங்கியது. மூன்றாவதில், எழுபதைக் கடந்த அந்த அம்மாள் என்னை மெதுவாக விலக்கிவிட்டுக் கட்டையின்மேல் சாய்ந்தார். மருமகள் கீழே தட்டை ஏந்தினாள். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நூல் அறாமல் இறங்கியது.

எங்கள் வீட்டிலும் ஒரு சேவை நாழி இருந்தது. பித்தளை, மூன்று கால். என் தாயார் கைவலியால் அதைத் தொடாதிருந்த ஒரு வருஷம், பழைய பாத்திரக்காரனிடம் அதை எடைக்குப் போட்டு எவர்சில்வர் அடுக்கு வாங்கி வந்தவன் நான்தான். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. தீபாவளி வந்தால் பரணை ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். அடுப்பில் எதையோ தேடுகிறார் என்று நினைத்திருந்தேன்.

புறப்படும்போது குடகம்மாள் ஒரு சீசா கச்சம்புளி கொடுத்தார். நாழியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஊர் வந்ததும் என் மனைவி அதைக் கத்தரிக்காய்க் குழம்பில் தாராளமாய் ஊற்றிவிட்டாள். சிறு கரண்டி போதும் என்று சொல்ல மறந்தது என் பிழை.